வீட்டில சீனி பாக்கிற மெஷின், ரெண்டு வருசம் பாவிச்ச பிறகு

எங்கட வீட்டுக்கு முதல் வந்த குளுக்கோமீட்டர் டொரொன்டோவில இருந்து சித்தப்பா கொண்டுவந்தது. நல்ல பவுச், வெளிச்சம் வாற ஸ்கிரீன், எல்லாம் இருந்தும் மூண்டாம் நாளே அம்மாவை ஏமாத்திப் போட்டுது. பின்னேரம் குத்திப் பாக்க 11.3 எண்டு காட்டினது, கிளினிக்கில 120, 125 எண்டு கேட்டுப் பழகின மனுசிக்கு 11 எண்டா சொல்லவே தேவையில்ல, "பாத்தியா மகள், சீனியே இல்ல" எண்டு சொல்லிக்கொண்டு கோயில்ல தந்த கேசரியை அப்பிடியே வாயில போட்டா. கனடா மெஷின் காட்டுறது மில்லிமோல் கணக்கு, நாங்கள் இங்க கதைக்கிறது மில்லிகிராம் கணக்கு, அதை 18 ஆல பெருக்க வேணும். 11.3 எண்டா 203. அதைக் கேட்ட பிறகும் அம்மா கேசரியைத் துப்பேல்ல, விழுங்கிட்டுத்தான் "ஐயோ" எண்டவ.

அந்த மெஷினுக்குரிய ஸ்ட்ரிப், அதான் ரத்தச் சொட்டு வைக்கிற சின்னப் பட்டி, திருகோணமலையில தேடாத பாமசி இல்ல, ஒண்டிலயும் இல்ல. வெளிநாட்டில இருந்து ஆராவது கொண்டுவந்து தந்தா நன்றி சொல்லி வாங்குங்கோ, ஆனா முதல் அதிட ஸ்ட்ரிப் இங்க கிடைக்குதா எண்டு பாருங்கோ. பிறகு டவுணில ஒரு மெஷின் வாங்கினம், அதைத்தான் ரெண்டு வருசமாப் பாவிக்கிறம். பிராண்ட் பேர் போடல, ஏனெண்டா நான் சொல்லப்போற நல்லதும் கெட்டதும் எந்தக் கொம்பனி மெஷினுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும்.

மெஷின் ஒருக்காத்தான் செலவு, உண்மையான செலவு ஸ்ட்ரிப். ஒரு பெட்டியில 50, ஒரு நாளைக்கு ஒண்டு எண்டாலும் வருசத்துக்கு ஏழு பெட்டிக்கு மேல போகும். அதோட டப்பாவைத் திறந்த திகதியில இருந்து கனக்க கொம்பனி மூண்டு மாசம்தான் தருவாங்கள், சிலது ஆறு மாசம். கிழமைக்கு ரெண்டு தரம் மட்டும் பாக்கிற ஆளுக்கு 50 முடிய 25 கிழமை எடுக்கும், அதுக்குள்ள பாதி பழுது. அப்பிடியான ஆக்கள் 25 இருக்கிற பெட்டியைக் கேட்டு வாங்குங்கோ. நான் ஒரு கடையில மலிவு எண்டு ரெண்டு பெட்டி சேர்த்து வாங்கி வீட்டில வந்து பாத்தா திகதி முடிய ஆறு கிழமைதான் இருக்கு. திருப்பிக் கொண்டுபோக, பில் போட்டா மாத்தமாட்டம் எண்டு ஒரே பேச்சு. இப்ப கண்ணாடி போடாம பாமசிக்குப் போறதில்ல.

எங்கட வீடு உப்புவெளியில, கடலுக்குக் கிட்ட. உப்புக்காத்துக்கு ஃபான் ரிமோட்டே கறள் பிடிக்கிற இடம், அதில அம்மா ஸ்ட்ரிப் டப்பாவைக் குசினியில சோத்துப்பானைக்குப் பக்கத்தில, அதுவும் மூடியைத் திறந்தபடி வைச்சிருந்தவ. ஸ்ட்ரிப் நுனியில இருக்கிற நொதியம் ரத்தத்தில இருக்கிற குளுக்கோசோட சேந்து சின்ன மின்னோட்டம் ஒண்டு வரும், அதைத்தான் மெஷின் அளக்குது, ஈரம் போனா அந்த நொதியம் பழுதாப் போயிரும். கச்சான் காத்து வீசுற மாசத்தில இன்னொரு கூத்து, ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழ வைச்சுக் கொண்டுபோய் எடுத்தா வெப்பம் கூட எண்டு மெஷின் வேலை செய்ய மாட்டன் எண்டுட்டுது. கனக்க மெஷினுக்கு 40 பாகைதான் எல்லை, வெயில்ல நிக்கிற ஸ்கூட்டிக்குள்ள அது சும்மா தாண்டும்.

மச்சாள் நேர்ஸ். ஒரு நாள் அவ வந்திருக்கேக்க அம்மா குத்திப் பாக்க 268. அம்மாவுக்கு முகம் செத்துப்போச்சு. மச்சாள் கையைப் பிடிச்சு மணந்து பாத்துட்டு, "மாமி, இது உங்கட சீனி இல்ல, மாம்பழத்திட சீனி, போய் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வாங்கோ" எண்டா. கழுவித் துடைச்சுப் பாக்க 171. அண்டைக்கு அவ சொல்லித் தந்ததுதான் இண்டைவரைக்கும் எங்கட சட்டம்: கையை நல்லாக் காய விட வேணும், விரல் நுனியில குத்தாம பக்கவாட்டில குத்தினா நோ குறைவு, ரத்தம் வரேல்ல எண்டு போட்டுப் பிசையக் கூடாது. ரத்தம் குறைஞ்ச ஆக்களுக்கு மெஷின் கூடுதலாக் காட்டப் பாக்கும் எண்டும் சொன்னவ, அது எனக்குப் புதுசு.

லாபில 182 வந்த அண்டு எங்கட மெஷின் 198 காட்டினது, உடனே மெஷின் சரியில்ல எண்டு அம்மா தூக்கி எறியப் பாத்தா. 2013 ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ எண்ட சர்வதேசத் தரத்தின்படியே 100க்கு மேல எண்டா 15 வீதம் கூடிக் குறையலாம், 100க்குக் கீழ 15 மில்லிகிராம், அதுவும் நூறில 95 தரத்துக்குத்தான் அந்த உத்தரவாதம். 182க்கு 198 எண்டா அது பாஸ். ஒரு இலக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு அழுறதும் சரியில்ல, துள்ளுறதும் சரியில்ல.

இனி கொப்பிக்கதை. மச்சாள்தான் சொன்னவ, சும்மா பாத்திட்டு மறக்காம எழுதி வையுங்கோ மாமி எண்டு. அம்மா 80 பக்கக் கொப்பியில கோடு கீறி நேரம், என்ன சாப்பிட்டது, சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தில எவ்வளவு எண்டு எழுதத் தொடங்கினா. "ஞாயிறு ராத்திரி, புட்டு, சூரைக் குழம்பு, 264." "திங்கள், ரெண்டு இடியப்பம், பருப்பு, கீரை, 176." ஒரு இடத்தில "கலியாண வீடு" எண்டு மட்டும் எழுதி இலக்கம் இல்ல, கேட்டா மெஷினிட பற்றரி முடிஞ்சது எண்டா. பற்றரி புதுசு, நான்தான் மாத்தினது.

கிளினிக்கில விடிய நம்பர் எடுத்து இருந்து, முறை வந்தா ரெண்டு நிமிசம். டொக்டரைக் குறை சொல்லேலாது, வெளியில அவ்வளவு சனம். அவர் பாக்கிறது வெறும் வயித்தில எடுத்த ரிப்போர்ட்டை, அது எப்பவும் 120, 125 எண்டு நல்லாத்தான் இருக்கும், ஏனெண்டா கிளினிக்குக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் எங்கட அம்மா நல்ல பிள்ளை. கொப்பியைக் கொண்டுபோன அண்டைக்கு அவர் நாலு பக்கம் புரட்டிப் பாத்திட்டு, "ஆர் எழுதினது?" எண்டு கேட்டு, எச்.பி.ஏ.1.சி எடுக்கச் சொன்னார். 8.6 வந்தது, ரெண்டு மூண்டு மாசத்துச் சராசரி, மெஷின் கணக்கில எண்டா 200 கிட்ட. மருந்தை மாத்தினார். என்னத்தில இருந்து என்னத்துக்கு எண்டு இங்க எழுதமாட்டன், பாத்திட்டு நீங்களும் வாங்கிக் குடிப்பீங்கள்.

இந்த மெஷின் முதல்ல வீட்டுப் பாவனைக்கு வந்த சாமானே இல்ல. 1969 இல ரிச்சர்ட் பேர்ன்ஸ்டைன் எண்டு அமெரிக்காவில ஒரு இன்ஜினியர், சின்ன வயசில இருந்து சீனி வருத்தக்காரர், ஆஸ்பத்திரிக்கும் லாபுக்கும் மட்டும் விக்கிற மெஷினை டொக்டரான மனிசிட பேரில வாங்கித் தனக்குத்தானே குத்திக் குறிச்சு வைச்சார். எழுதி அனுப்பினா மருத்துவ சஞ்சிகைகள் எடுக்கேல்ல, மனுசன் 45 வயசில மெடிக்கல் கொலேஜுக்குப் போய் டொக்டராகிட்டார். இதை அம்மாவுக்குச் சொல்ல, "அப்ப நானும் போகட்டோ" எண்டா.

மெஷின் வாங்கின காசு எனக்கு வந்து சேந்தது ஒரு ராத்திரியில. ரெண்டு மணிக்கு அம்மா வேர்த்து, நடுங்கி, என்னவோ மாறிக் கதைச்சா. பாக்க 58. எழுவதுக்குக் கீழ எண்டா உடனே 15 கிராம் சீனி எண்டு மச்சாள் முதலே சொல்லி வைச்சவ, தேக்கரண்டியால நாலு அள்ளித் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிசம் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்து திரும்பக் குத்த 92. மயங்கின ஆளிட வாயில எதையும் ஊத்தக் கூடாது, அப்பிடி எண்டா 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேணும், அதுக்குக் காசு கட்டத் தேவையில்ல. விடிஞ்சதும் அதுவும் கொப்பியில ஏறினது, சிவப்புப் பேனையால.

இப்ப பக்கத்து வீட்டு அன்ரியும் காலமை ஆறு மணிக்குத் தேத்தண்ணி குடிக்காம வந்து நிக்கிறா. ஊசியும் குத்துற பேனையும் ஆளுக்கு ஆள் வேற வேணும், ரத்தத்தால தொத்துற வருத்தங்கள் இருக்கு எண்டு மச்சாள் கண்டிப்பாச் சொல்லிட்டா, பாவிச்ச ஊசியைப் போட ஒரு தடிப்பான பிளாஸ்டிக் போத்தலும் வைச்சிருக்கிறம். அன்ரிக்குப் பேனை, ஊசிப் பெட்டி எல்லாம் வாங்கிக் குடுத்தாச்சு. ஸ்ட்ரிப் மட்டும் இன்னும் எங்கட டப்பாவில இருந்துதான் போகுது, அம்மா கொப்பியிட கடைசிப் பக்கத்தில அதையும் எண்ணி எழுதி வைச்சிருக்கிறா.