நாலு ஜனவரி, ஒரே சைக்கிள்: தஞ்சாவூரிலிருந்து தனுஷ்கோடி வரை

இந்தச் சைக்கிளை வாங்கியது 2019 தீபாவளிச் சமயத்தில். அலுமினியச் சட்டம், 700×35 டயர் (அகலம் 35 மி.மீ.), முன்னால் மூன்று பின்னால் எட்டுப் பல்சக்கரம், ரிம்மைக் கவ்வும் வி-பிரேக், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் அதிர்ச்சி தாங்க ஸ்பிரிங் வைத்த 'ஸ்பிரிங் ஃபோர்க்'. கடைக்காரர் மொழியில் 'ஹைபிரிட்', அதாவது ரோட்டுச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுப்பட்டது. மீட்டரில் பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பெரும்பகுதி தஞ்சாவூரைச் சுற்றிய காலை ஓட்டம்தான். ஆனால் வண்டியின் நல்லது கெட்டது தெரிந்ததெல்லாம், பொங்கல் முடிந்த கையோடு ஏழெட்டுப் பேராகக் கிளம்பும் தனுஷ்கோடிப் பயணத்தில். 2020, 2023, 2024, 2025 என்று நாலு முறை போய்வந்தாயிற்று. நடுவில் இரண்டு வருஷத்தைக் கொரோனா தின்றுவிட்டது.

வழியைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். இரண்டாம் நாள் விடியலில் கோடியக்கரையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி முத்துப்பேட்டை. மூன்றாம் நாள் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் வழியாகத் தொண்டி. நாலாம் நாள் தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி. மொத்தம் சுமார் 400 கிலோமீட்டர். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை, பாம்பன் பாலத்தின் ஏற்றத்தைத் தவிர. அதனால் சுலபம் என்று நினைத்தால் காற்று பாடம் நடத்திவிடும். ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். வேதாரண்யம் போகிறவரை அது முகத்தில் அறையும், முத்துப்பேட்டை தாண்டித் தெற்கே திரும்பியதும் முதுகில் கைவைத்துத் தள்ளும். மண்டபத்துக்குமேல் இடப்பக்கத்திலிருந்து சாய்க்கப் பார்க்கும்.

முதல் நாள் வண்டிக்கு வந்த சோதனை காற்றால்கூட இல்லை, வைக்கோலால். சம்பா அறுவடை நேரம். மன்னார்குடியைத் தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டுப் பிடித்திருப்பார்கள், மீதிப் பாதியில் வைக்கோல் சிதறிக்கிடக்கும். 2020இல் விவரம் தெரியாமல் அதன்மேல் ஏற்றிவிட்டேன். பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் கம்பியின் சின்ன உருளையில் நாலைந்து தாள் சுற்றிக்கொண்டு, பெடல் திடீரென்று கல்லாகிவிட்டது. இறங்கிப் பார்த்தால் செயினுக்கும் கடைசிப் பல்லுக்கும் நடுவில் கயிறு திரித்த மாதிரி வைக்கோல். நெல் குவித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கருக்கரிவாளைக் கொண்டுவந்து, "நகரு தம்பி" என்று தானே அறுத்துவிட்டார். இப்போது ஹேண்டில் பையில் ஒரு சின்னக் கத்தி எப்போதும் கிடக்கிறது. இருபத்து நாலு கியர் என்று பெருமையாக வாங்கினேன். இந்த வழியில் நான் தொட்டது ஆறேழுதான். முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தில் போனதாக நினைவே இல்லை.

வேதாரண்யத்தை நெருங்கும்போது உப்பளம் தொடங்கிவிடும். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு உப்பு சத்தியாகிரகத்துக்குத் திருச்சியிலிருந்து கிளம்பியவர்கள் இந்த ஊருக்கு நடந்தே வந்துசேரப் பதினைந்து நாள் ஆனது. அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணின் அடியில் உட்கார்ந்து நாங்கள் ஒரு நாள் எதிர்காற்றைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்போம். அந்த உப்பு மனிதர்களுக்கு வேண்டுமானால் சரித்திரம், சைக்கிளுக்கு எமன். முதல் பயணம் முடிந்து இரண்டு வாரம் துடைக்காமல் போட்டுவைத்தேன். தண்ணீர்ப் புட்டி மாட்டும் திருகாணி நான்கும் துருவேறித் தலை மழுங்கிவிட்டது. செயின் செம்மண் நிறம்.

பெரிய அடி ஸ்பிரிங் ஃபோர்க்குக்கு. 'கரடுமுரடான ரோட்டுக்கு இது இல்லாமல் முடியாது' என்று சொல்லித்தான் விற்றார்கள். 2023 பயணம் முடிவதற்குள் அதன் உள்குழாயில் உப்புப் புள்ளி புள்ளியாய் அரித்து, அமுக்கினால் இறங்கும், ஏறாது. வாங்கிய இடத்தில் கேட்டதற்கு உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலை வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து, அதே உயரத்துக்கு ஒத்துவரும் சாதாரண இரும்பு ஃபோர்க் போட்டுக்கொண்டேன். எடை குறைந்தது, பெடலில் போட்ட பலம் ஸ்பிரிங்கில் கரையாமல் சக்கரத்துக்குப் போனது. குழி அதிர்ச்சியை 35 டயரே பார்த்துக்கொள்கிறது, காற்றை மட்டும் கல் மாதிரி அடிக்காமல் இருந்தால் போதும். இந்த வழிக்கு ஸ்பிரிங் வைத்த வண்டி வாங்காதீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

இப்போது லாட்ஜுக்குப் போனதும் முதல் குளியல் சைக்கிளுக்குத்தான். நல்ல தண்ணீர் ஒரு வாளி, பழைய துணி, செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய். பத்து நிமிஷ வேலை. செயினை நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். ஒருமுறை சோம்பலில் தள்ளிப்போட்டேன். இழுபட்ட செயின் பின் பல்சக்கரத்தையும் தின்றுவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துச் செலவு வைத்தது.

மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடித்த நாள். மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா, இரண்டாம் சரபோஜி கட்டியது. அதைச் சுற்றியும் வழிநெடுகவும் தென்னை. 2020இல் போனபோது அது தென்னந்தோப்பாக இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டதில் மிஞ்சிய மொட்டை மரங்களும், அவற்றின் நடுவே முழங்கால் உயரக் கன்றுகளும்தான். போன முறை பார்த்தபோது அந்தக் கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டி, ரோட்டோரம் கொஞ்சம் நிழலே விழுந்தது.

கூட்டமாகப் போகும்போது உங்கள் வண்டி உங்களுடையது மட்டுமில்லை என்பதை மீமிசலில் கற்றேன். மணமேல்குடிக்குத் தெற்கே சீமைக் கருவேலம் ரோட்டுக்கு இருபுறமும் வேலி கட்டியிருக்கும். அந்த முள் காய்ந்தால் ஆணிதான். 2023இல் ஒரே காலையில் எங்கள் ஏழு வண்டிக்கும் சேர்த்து ஒன்பது பஞ்சர். என் பின் சக்கரத்தில் மூன்று. கையிலிருந்த இரண்டு டியூபும் தீர்ந்து, ஒட்டுப் போடும் பசையும் காய்ந்துபோய், நண்பரிடம் டியூப் கேட்டால் அவருடையது 29 அங்குல மலைச் சைக்கிளுக்கான தடித்த டியூப். இன்னொருவரிடம் இருந்தது பந்தயச் சைக்கிளின் மெல்லிய டியூப். ஏழு பேர், ஏழு அளவு. கடைசியில் பஞ்சர் கடை ஒன்றைத் தேடித் தள்ளிக்கொண்டே போனோம்.

கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைப் பார்த்து, உரசி, ஒட்டி, எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். காற்றடிக்கப் பம்பை எடுத்தவர் வால்வைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"இது என்ன தம்பி, மூக்கு ஊசி மாதிரி இருக்கு?"

"ஃபாரின் வால்வு பாய். உங்க பம்பு சேராதா?"

"எனக்கு வால்டியூப் போட்டதும் தெரியும், மோட்டார் வண்டி மூக்கும் தெரியும். இதுக்கு வாய் இல்லையே." அப்புறம் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கீங்க, ஒரு ஸ்டாண்டு குடுக்கலையா?" என்றார்.

எங்கள் கைப்பம்பு அப்போது இரண்டு கிலோமீட்டர் முன்னால் போய்விட்ட நண்பரின் பையில் இருந்தது. அவர் திரும்பி வரும்வரை பாய் கடை பெஞ்சில் டீ. காசு கேட்டதற்கு ஒட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ரிம்மின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பைக் வால்வு உள்ள டியூபுக்கு மாறினேன். பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம், எந்த ஊர்க் கடையிலும் அடிக்கலாம். அடுத்த ஆண்டு குழுவில் ஐந்து பேர் அதே அளவு டயருக்கும் அதே வால்வுக்கும் வந்துவிட்டார்கள். இப்போது ஆளுக்கு ஒரு டியூப் என்று பொதுக் கையிருப்பு. உள்ளே முள் தடுக்கும் பட்டை வைத்த டயர் போட்டதில் 2024இல் எனக்கு ஒரே பஞ்சர், 2025இல் ஒன்றுகூட இல்லை. வண்டி கொஞ்சம் கனக்கிறது, இருக்கட்டும்.

உடம்பு விஷயம் இரண்டு. மெத்தென்று இருந்த ஜெல் சீட்டு முதல் ஐம்பது கிலோமீட்டருக்குச் சொர்க்கம், அதற்குமேல் மரத்துப்போகும். சற்றுக் கடினமான, இடுப்பெலும்பு அகலத்துக்குப் பொருந்தும் சீட்டு மாற்றியபின் தொண்டி வரை நிம்மதி. நேரான ஹேண்டிலில் ஒரே பிடியில் போனதால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இரண்டு நாள் மரத்துக்கிடந்தன. முனைகளில் கொம்பு மாதிரி ஒரு பிடி பொருத்தியதும் கையை மாற்றி மாற்றி வைக்க முடிகிறது. இந்த வண்டிக்கு நான் செய்த செலவிலேயே மலிவானதும் உருப்படியானதும் அதுதான்.

பிரேக்கைப் பற்றிப் பெரிதாகக் குறை இல்லை. தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறந்து வந்து பிரேக் கட்டையில் ஒட்டி ரிம்மை அறுக்கும் சத்தம் மட்டும் பல்லைக் கூசவைக்கும். 1964 புயலில் ஊர் போனபின் அரிச்சல்முனை வரை ரோடு வந்ததே 2017இல்தான். கடைசி நீட்டலில் இருபக்கமும் கடல், ஒதுங்க மரம் கிடையாது. பக்கக்காற்றில் அடுத்தடுத்து ஒட்டிப் போனால் ஒருவர் தடுமாற இருவர் விழுவார்கள். அங்கே மட்டும் ஆளுக்கு ஆள் இரண்டு வண்டி இடம் விட்டு வரிசையாகப் போவது எங்கள் வழக்கம். பாம்பன் பாலத்திலும் அப்படியே. அங்கே நின்று ரயில் பாலத்தைப் படம் எடுக்காத ஆள் கிடையாது, ஆனால் பஸ்காரர்களுக்கு அது பிடிக்காது.

இதே வழிக்கு இதே மாதிரி வண்டி வாங்கலாமா என்று கேட்டால், ஸ்பிரிங் இல்லாததாகப் பார்த்து, முன்பக்கம் ஒற்றைப் பல்சக்கரத்தோடு, கேரியர் மாட்டத் துளை உள்ளதாக வாங்குங்கள். மட்கார்டு கட்டாயம், உங்களுக்காக இல்லாவிட்டாலும் பின்னால் வருகிறவருக்காக. எனக்கு விற்க மனமில்லை. பின் சக்கரத்தில் போக்ஸ் கம்பி ஒன்று போன வாரம் அறுந்துவிட்டது. பொங்கலுக்குள் அதை மாற்றிக் கோட்டம் எடுக்க வேண்டும், இந்த முறை பாய் கேட்பதற்குமுன் ஒரு ஸ்டாண்டும் போட்டுவிட வேண்டும்.