மண்டையோட்டு முட்டை அச்சு: கோழிமுட்டைக்கு ஆகாது, தாராமுட்டைக்கு (வாத்து முட்டைக்கு) கொள்ளாம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். கொக்கி உடையாமல் இருந்திருந்தால் நாலு போட்டிருப்பேன்.

என் மகள் பிறந்தது அக்டோபர் 31. ஒன்பது வருஷம் கேக், பலூன், பிரியாணி என்று சுகமாக ஓடியது. அன்றைக்குத்தான் ஹாலோவீன் என்று கூட்டுக்காரி எவளோ பத்தாம் வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டாள். "அப்பா, எனக்குப் பேய் பார்ட்டி வேணும்." இருபது பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் அனைத்துப் புனிதர் திருநாள், அதற்கு மறுநாள் கல்லறைத் திருநாள். அந்த வாரம் எங்கள் தெருவில் பாதிப்பேர் கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் பிள்ளைகள் மண்டையோடு கேட்டது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று நைட் டூட்டி. சமையல் என் தலையில் விழுந்தது. நான் நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவன். முட்டை அவிப்பேன், சாயா போடுவேன், அவ்வளவுதான். அதனால் முட்டையிலேயே ஏதாவது செய்துவிடலாம் என்று தேடியபோது இந்த அச்சு கண்ணில் பட்டது. இரண்டு அச்சு கொண்ட பெட்டி 349 ரூபாய். படத்தில் பல் வரிசையெல்லாம் தெளிவாக, பார்த்தாலே குலை நடுங்கும்படி ஒரு முட்டை.

வந்த பொருளைப் பற்றி முதலில். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், இரண்டு பாதி, ஒரு பக்கம் கீல், மறுபக்கம் அழுத்தினால் மாட்டும் கொக்கி. உள்பக்க வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. கண்குழி ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், மூக்கு தலைகீழ் இதயம் போல, பல் எட்டு. அடியில் உணவுக்கு ஆகும் என்பதற்கான கோப்பை, முள்கரண்டி அடையாளம் உண்டு. முதல் நாள் லேசாக வாடை அடித்தது, வெந்நீரில் இரண்டு தரம் கழுவியதும் போய்விட்டது. கூட வந்த தாளில் நாலு படம் மட்டும்தான், ஒரு எழுத்து இல்லை. முட்டையை அவி, தோடு உரி, சூட்டோடு அச்சில் வை, மூடித் தண்ணீரில் போடு. பத்து நிமிஷம். வெந்த வெள்ளைக்கரு சூட்டில் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். அழுத்தியபடியே ஆறவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். யோசனை சரிதான்.

புதன்கிழமை ராத்திரி சோதனை ஓட்டம். கடையில் வாங்கிய சாதாரண வெள்ளைக் கோழிமுட்டை. பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால், நெற்றி மட்டும் பதிந்திருக்கிறது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் குழிவு, பல் ஒன்றுகூட இல்லை. "அப்பா, இது பேய் இல்ல, பிஞ்சுக் கத்தரிக்கா" என்றாள் மகள்.

பட்டறைக்காரனுக்கு இந்த மாதிரி நேரத்தில் கை தானாக வெர்னியர் அளவுகோலுக்குப் போகும். முட்டையின் குறுக்களவு 42 மில்லிமீட்டர், அச்சின் உள்ளளவு 45. மனைவியின் சிரிஞ்சு ஒன்றை எடுத்து அச்சில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பாதிக்கு 31 மில்லி, ஆகமொத்தம் 62. உரித்த கோழிமுட்டையோ 43, 44 மில்லிக்கு மேல் தேறாது. பதினெட்டு மில்லி வெறும் காற்று. பிறகு எங்கே அழுந்தும், எங்கே பல் விழும்? இந்த ஒரு விஷயத்தை அந்தத் தாளில் எழுதியிருந்தால் போதும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 50 கிராம் முட்டைக்கு இந்த அச்சு பெரிது.

மாமிதான் வழி சொன்னாள். "தாராமுட்ட வச்சுப் பாருங்க மக்களே." வடசேரி சந்தையில் தாராமுட்டை வாங்கி நிறுத்துப் பார்த்தால் 70 முதல் 73 கிராம். தோடு போக, கணக்கு அச்சுக்கு அப்படியே பொருந்துகிறது. மூடும்போது லேசாகத் திணறியது, ஓரத்தில் ஒரு நூலளவு பிதுங்கியது. அதைக் கத்தியால் சீவிவிட்டேன். திறந்தபோது நானே ஒரு நிமிஷம் பேசவில்லை. தாராமுட்டையின் வெள்ளை வெந்தபிறகும் கோழிமுட்டை மாதிரி பால்வெள்ளையாக இருப்பதில்லை. ஒரு மாதிரி நீலம் ஓடிய, உள்ளே வெளிச்சம் போகிற வெள்ளை. தொட்டால் ரப்பர் போல இறுக்கம். எட்டுப் பல்லும் அப்படியே நின்றது. கண்குழிக்குள் நிழல் விழுந்தது. படத்தில் போட்டிருந்ததைவிட இது பயங்கரம்.

ஆனால் அன்று காலையில் வாங்கிய புது முட்டையில் பாதி உரிக்கும்போதே நாசமானது. தோட்டோடு வெள்ளையும் பிய்ந்து வருகிறது. முட்டை பழகப் பழக உள்ளிருக்கும் கரியமிலவாயு தோட்டின் துளைகள் வழியாக வெளியேறும், வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும், சவ்வின் பிடி விடும். அதனால் ஒரு வாரம் ஆன முட்டைதான் உரிக்கச் சுகம். வியாழக்கிழமை மறுபடி சந்தைக்குப் போய், இருப்பதில் பழைய முட்டையாகக் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்கார அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! (உரிக்கும்போது பிய்ந்தவற்றையும் வீணாக்கவில்லை. அவை அழுகின மண்டையோடாகத் தட்டில் ஏறின.)

அடுத்தது நேரக் கணக்கு. இருபத்துநாலு முட்டை, இரண்டு அச்சு, தடவைக்குப் பத்து நிமிஷம். இரண்டு மணி நேரம். அதுவரை மற்ற முட்டையெல்லாம் சூடாக இருந்தாகவேண்டும், ஆறிப்போனால் வடிவம் பிடிக்காது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் அவித்து அந்த வெந்நீரிலேயே சிறுதீயில் போட்டுவைத்தேன். தப்பு. கடைசியாக எடுத்தவற்றை அறுத்துப் பார்த்தால் மஞ்சக்கருவைச் சுற்றிச் சாம்பல்பச்சையில் ஒரு வளையம். ரொம்ப நேரம் சூட்டில் கிடந்தால் வெள்ளையின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்ந்து இப்படி ஆகும். தின்பதற்குக் கேடு ஒன்றும் இல்லை, லேசாக ஒரு வாடை வரும். வேறு எந்த விருந்தாக இருந்தாலும் தலைகுனிந்திருப்பேன். இங்கே அதற்குத்தான் அடிபிடி. பச்சை வளையம் வராத பையன் ஒருவன் அழுதேவிட்டான். நீங்கள் செய்வதென்றால் நாலு நாலாக அவியுங்கள், அல்லது பச்சை வேண்டுமென்றால் என்னைப் போலச் செய்யுங்கள்.

கண்ணுக்கு முதலில் நல்லமிளகு வைத்தேன். உருண்டு விழுந்துகொண்டே இருந்தது. கிராம்பு குத்தினால் நிற்கிறது. கிராம்புக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமா? மாறாமலைப் பக்கம் விளைவதுதானே, கன்னியாகுமரி கிராம்பு என்றே 2021-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. மொட்டுப் பக்கம் வெளியே தெரியும்படி குத்தினால் குழிக்குள்ளிருந்து ஏதோ முறைத்துப் பார்ப்பது போலவே இருக்கும். தின்பதற்கு முன்னால் பிடுங்கிவிடச் சொல்லவேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் நாமே பிடுங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

வீணாய்ப்போன கோழிமுட்டை ஒரு தட்டு, முப்பது, வீட்டில் கிடந்ததே, அதற்கும் வேலை வந்தது. பாதியை அவித்து, ஆறியபிறகு தோட்டைக் கரண்டியால் மெல்லத் தட்டி விரிசல் விட்டு, கடுஞ்சாயத் தேயிலைத் தண்ணீரில் உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் உரித்தால் வெள்ளை மேல் தவிட்டு நிறத்தில் சிலந்தி வலை. இதற்கு 349 ரூபாய் வேண்டாம், இரண்டு கரண்டி தேயிலை போதும். உண்மையைச் சொன்னால் தட்டில் முதலில் காலியானது இதுதான். மீதியை இரண்டாக அறுத்து, மஞ்சளை எடுத்து மசித்து, பொடியாக அரிந்த உள்ளி (வெங்காயம்), நல்லமிளகுப் பொடி, மயோனைஸ் சேர்த்துத் திரும்ப நிரப்பினேன். பெரியவர்களுக்கு வைத்ததில் மட்டும் ஒரு காந்தாரி மிளகாயை நசுக்கிப் போட்டேன். மயோனைஸ் முட்டையில்லாதது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை இருந்தது. தடை இல்லாவிட்டாலும் இருபது பிள்ளைகள் தின்கிற இடத்தில் நான் அந்த விளையாட்டுக்குப் போகமாட்டேன்.

சாயங்காலம் மாமி அடுக்களைக்கு வந்து மண்டையோடுகளை வரிசையாகப் பார்த்தாள். "இது என்னத்துக்கு மக்களே வெளிநாட்டுப் பேய்? நமக்கு நீலி போதாதா?" நீலிப்பேய் உலவியதாகச் சொல்லும் கள்ளியங்காடு எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் கொஞ்ச தூரம்தான். ராத்திரி வழியில் அழகான ஒரு பெண் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கொடுத்தவன் கதை அத்தோடு முடிந்தது என்று சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் கேட்டு நடுங்கியதுதான். மாமி தன் வெற்றிலைச் செல்லப்பெட்டியிலிருந்து வெற்றிலையை எடுத்து ஒவ்வொரு மண்டையோட்டுக்கும் அடியில் ஒன்று விரித்தாள். ஓரத்தில் விரலால் ஒரு பொட்டு மயோனைஸ். "இதுதான் சுண்ணாம்பு."

ஏழு மணிக்கு மழை பிடித்தது, கரண்டும் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாமி நீலி கதையை ஆரம்பித்தாள். கதை முடிகிற இடத்தில், "சுண்ணாம்பு இருக்கா மக்களே?" என்று கேட்டுத் தட்டை நீட்டினாளே, ஒரு பிள்ளையும் கை நீட்டவில்லை. கரண்ட் வந்தபிறகுதான் சாப்பிட்டார்கள்.

இனி குறை. மூன்றாவது முட்டையிலேயே ஓர் அச்சின் கொக்கி முறிந்தது. கொக்கியின் கழுத்து ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை, வளையும் இடத்தில் மூலையை உருட்டாமல் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். அழுத்தம் முழுக்க அந்த மூலையில்தான் விழும், அங்கேதான் முறியும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கூட இப்படி வெட்டமாட்டான். விற்றவர்களிடம் படத்தோடு எழுதிக் கேட்டேன். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம். பயன்படுத்தாமல் கொக்கி எப்படி முறியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அன்று ரப்பர் பேண்ட் இரண்டு சுற்றி ஒப்பேற்றினேன். அப்புறம் ஸ்டெயின்லெஸ் கம்பி வளைத்து ஒரு கிளிப் போட்டுவிட்டேன், இப்போது கல் மாதிரி நிற்கிறது. எல்லாருக்கும் பட்டறை இருக்காது என்பதால்தான் நட்சத்திரம் குறைந்தது.

கழுவுவதும் கொஞ்சம் தொல்லை. பல் இடுக்கில் வெள்ளை ஒட்டிக் காய்ந்துவிட்டால் பழைய டூத்பிரஷ் இல்லாமல் போகாது. அச்சின் உள்ளே ஒரு துளி எண்ணெய் தடவினால் அதுவும் குறையும், முட்டையும் வழுக்கி வரும்.

வாங்கலாமா என்றால்: நாலைந்து பேர் உள்ள வீட்டுக்குச் சரி. இருபது பேர் என்றால் இரண்டு பெட்டியாவது வேண்டும். தாராமுட்டை கிடைக்காத ஊரில் இருந்தால் காசை முடக்கவேண்டாம், தேயிலைச் சிலந்தி வலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உரித்த முட்டையை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் வைத்துப் பரிமாறும்போது எடுங்கள். கறுப்புச் சாயம் பூசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் ஒன்றில் பூசிப் பார்த்தேன். முட்டை கறுத்தது, தின்ற என் பல் ஞாயிற்றுக்கிழமை பூசைவரை நீலமாகவே இருந்தது.