விஷன், மிஷன்: எழுதி வாங்குவதா, நாமே உட்கார்ந்து எழுதுவதா?

ஐந்தாறு பேர் வேலை செய்யும் மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் கடை எங்கே இருக்க வேண்டும் என்பது விஷன். இன்றைக்கு யாருக்கு, எதை, எப்படித் தருகிறோம் என்பது மிஷன். இந்த இரண்டு வரியை ஆலோசகரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கலாம். கடை ஆட்களோடு உட்கார்ந்து நாமே எழுதலாம். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

ஆலோசகர் தரும் வாசகத்தில் மொழிப் பிழை இருக்காது. வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் எடுப்பாக நிற்கும். ஆனால் 'உலகத் தரம், வாடிக்கையாளர் திருப்தி' என்ற வரிக்கு மேலே பக்கத்துக் கடைப் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்படியே பொருந்தினால் அதைக் கிழித்துவிடலாம்.

நாமே எழுத, ஒரு மணி நேரம் வீதம் இரண்டு நாள் போதும். முதல் நாள் பில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று கேள்வி: திரும்பத் திரும்ப வருகிறவர் எதற்காக வருகிறார்? அடிக்கடி வரும் புகார் எது? எவ்வளவு லாபம் வந்தாலும் எதைச் செய்ய மாட்டோம்? மூன்றாவதன் பதிலில்தான் மிஷன் இருக்கிறது. 'எங்கள் செக்கில் ஆட்டியதை மட்டுமே விற்போம். வெளியே வாங்கிக் கலக்க மாட்டோம்' என்று எழுதிவிட்டால், தீபாவளி நெருக்கத்தில் 200 லிட்டர் ஆர்டர் வரும்போது கல்லாவில் இருக்கும் பையனே பதில் சொல்லிவிடுவான். அதோடு 'மிகக் குறைந்த விலையில்' என்றும் சேர்த்தால் வரி கெட்டது. கடலை விலை ஏறும் மாதத்தில் இரண்டு வாக்கும் முட்டிக்கொள்ளும்.

இரண்டாம் நாள் விஷன். 'முன்னணி நிறுவனம்' வேண்டாம், எண் போடுங்கள். மாதம் 2,000 லிட்டர் என்கிறீர்களா? ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். ஒரு தடவைக்கு 20 கிலோ போட்டால் 8 லிட்டர். ஆட்டிப் புண்ணாக்கை வழித்தெடுக்க ஒன்றரை மணி நேரம் என்றால் நாளைக்கு ஆறு தடவை. 25 நாளில் 1,200 லிட்டர்தான். ஆக அந்த வரியை எழுதும்போதே இரண்டாவது செக்குக்கும், மாதம் 5 டன் பருப்புக்கும் பணம் எங்கே என்ற கேள்வி வந்துவிடுகிறது. அது வரத்தான் வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் ஒதுக்கி, விற்ற லிட்டரை விஷன் எண்ணோடு ஒப்பிட வேண்டும்; மிஷனை மீறி எடுத்த ஆர்டர் உண்டா என்று கேட்க வேண்டும். நாமே எழுதியதை அன்றே அடித்துத் திருத்தலாம். விலை கொடுத்து வாங்கி அக்ரிலிக் பலகையில் பதித்ததை யாரும் தொடுவதில்லை. அது ஆங்கிலத்தில் இருந்துவிட்டால் செக்கு ஓட்டுபவருக்கும் அதற்கும் ஒட்டே இல்லை.

மிஷன் வரி வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையே சாட்சி. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பதுதான் நோக்கம். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அந்த நோக்கமே அவர்களை 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரிக்க வைத்தது.

ஐம்பது பேருக்கு மேல் உள்ள இடத்திலோ, கூட்டாளிகளுக்குள் ஒத்துப்போகாத இடத்திலோ இந்த முறை அப்படியே பலிக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; பேச்சை நடத்திக் கொடுக்க வெளியாள் ஒருவர் அங்கே தேவைப்படலாம். வங்கிக்கு ஆங்கிலத்தில் வேண்டுமென்றால், முதலில் தமிழில் எழுதி முடித்துவிட்டு மொழிபெயர்ப்புக்கு மட்டும் காசு கொடுங்கள்.