நெளிகுழாய் நன்று, துணி டேப் சுமார், களிமண் துகள் அருமை

என் காருக்கு 23 வயது. பானெட்டைத் திறந்து, இஞ்சின் மேல் ஓடும் வயர்க்கட்டைச் சற்றே நகர்த்தினேன். அதைச் சுற்றியிருந்த பழைய பிளாஸ்டிக் உறை சருகுபோல நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. உள்ளே வயர்களின் பிவிசி தோலும் விறைத்துப் போயிருந்தது. பிவிசிக்கு நெகிழ்வைத் தருவது அதில் கலந்துள்ள மென்மையாக்கி. ஆண்டுக்கணக்காகச் சூடு பட்டு அது வெளியேறிவிட்டால், வளைக்கிற இடத்தில் தோல் வெடிக்கிறது. அதைச் சரிசெய்ய வாங்கிய இரண்டு பொருள்களையும், இடையில் கொட்டிய ஆயிலை உறிஞ்சப் பயன்பட்ட மூன்றாவது ஒன்றையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலாவது, வயர்க்கட்டின் மேல் உறையாக மாட்டும், நீளவாக்கில் பிளந்திருக்கும் நெளிகுழாய். 10 மி.மீ., 13 மி.மீ. என இரண்டு அளவு. முதலில் வந்த சுருளின் உறையில் 'நைலான்' என்று அச்சிட்டிருந்தது. எனக்குச் சந்தேகம். சிறு துண்டு வெட்டி, குமிழி ஒட்டாமல் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன். சட்டென்று மேலே வந்து மிதந்தது. நைலான் தண்ணீரைவிடக் கனமானது, மூழ்க வேண்டும். மிதப்பது பாலிஎத்திலீனோ பாலிபுரொப்பிலீனோதான். திருப்பி அனுப்பிவிட்டு வேறிடத்தில் வாங்கியது ஒழுங்காக மூழ்கியது. இஞ்சின் அருகே இந்த வேறுபாடு முக்கியம்: பாலிஎத்திலீன் வகையைப் பொறுத்துச் சுமார் 105 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், நைலான் 6 என்ற வகை உருகச் சுமார் 220 டிகிரி வேண்டும். இரண்டும் உருகுவதற்கு வெகுமுன்பே இளகத் தொடங்கும் என்பதால், புகைபோக்கிக் குழாயை ஒட்டி ஓடும் பகுதிக்குக் கண்ணாடி இழை உறைதான் போட்டேன்.

குழாயின் பிளவை மேல்நோக்கி வைக்காதீர்கள். தண்ணீரும் ஆயிலும் உள்ளே இறங்கித் தேங்கும். தோல் வெடித்த வயரை அப்படியே குழாய்க்குள் மறைப்பதும் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, புது வயர் இணைத்து, உள்ளே பசை பூசிய வெப்பச்சுருக்க உறை போட்ட பிறகே மூடினேன்.

இரண்டாவது, துணி டேப். சாதாரண பிவிசி டேப்பின் பசை சூட்டில் இளகி வழியும், விரலெல்லாம் பிசுபிசுக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை, வயர் அதிர்ந்து தட்டும் ஓசையும் அடங்கியது. ஆனால் ஆயில் பட்டால் விளக்குத்திரி மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது. இஞ்சின் மேலுள்ள வால்வு மூடியின் கேஸ்கெட் (ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை) கசிந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். இரண்டு நாளில் டேப் முழுக்க ஊறிப்போனது. முதலில் கசிவை அடைத்திருக்க வேண்டும். என் அவசரத்துக்கு டேப்பைக் குறை சொல்ல முடியாது.

கேஸ்கெட் மாற்றிய அன்றே ஆயிலும் மாற்றினேன். வடித்து வைத்திருந்த தட்டைக் குதிகாலால் உதைத்துவிட்டேன். சுமார் 3 லிட்டர் கறுப்பு ஆயில், சிமெண்ட் தரை முழுக்க.

மூன்றாவது பொருளைக் கொண்டாட வேண்டிய இடம் இது. முன்பெல்லாம் மரத்தூள்தான் போடுவேன். அதுவே எரியும் பொருள், ஆயிலில் ஊறியபின் வீட்டில் வைத்திருக்கவே பயம். இம்முறை களிமண் துகள். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கொட்டி, பழைய செருப்பின் அடியால் நன்றாகத் தேய்த்து, இரவு முழுக்க விட்டேன். காலையில் பெருக்கியபோது தரை ஏறக்குறைய உலர்ந்திருந்தது. இன்னொரு முறை நைசாக நசுக்கித் தேய்த்ததும் துளைகளில் இறங்கியதும் வந்துவிட்டது. மிச்சக் கறையைச் சலவைத்தூள் குழம்பும் முரட்டுப் பிரஷும் மங்கச் செய்தன. முழுதாகப் போகவில்லை, சிமெண்டில் போகாது. குறை என்றால் தூசி: முகக்கவசம் இல்லாமல் கொட்டாதீர்கள். ஈரத் தரையில் போட்டால் வழுக்கும் சேறாகிவிடும்.

பெருக்கியதை மூடியுள்ள டின்னில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்தேன். ரேடியேட்டர் விசிறிப் பக்கத்து வயர்கள் இன்னும் பாக்கி. அதற்கும் அதே நெளிகுழாயைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன், மூழ்குகிறதா என்று பார்த்த பிறகு.