வீட்டு ஷெட்டில் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கார் ஷெட்டிலோ மொட்டை மாடியிலோ சொந்தமாக இரும்பு வேலை செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது சிங்கிள் பேஸ் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின்தான். ஒரு கையால் தூக்கிவிடலாம். பழைய ஆயில் கூல்டு மெஷினைப் போல சுவிட்சைப் போட்டதும் தெரு விளக்கு மங்காது. மேஜை, செடி ஸ்டாண்ட், ஷெல்ஃப், ஜன்னல் கிரில் என்று வீட்டுக்குத் தேவையான எல்லாமே இதில் முடியும். ஆனால் வருடக்கணக்கில் ஓட்டும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வேலை நன்றாக வருவதும் மெஷின் நீடிப்பதும் எந்த பிராண்ட் என்பதைவிட, அதற்குள் வரும் கரண்ட், அதிலிருந்து போகும் கேபிள், அது உறிஞ்சும் தூசி ஆகிய மூன்றைப் பொறுத்துத்தான் இருக்கின்றன.

முதலில் அந்த 200 என்ற எண். விலை குறைந்த மெஷின்களில் அது முகப்பில் அச்சடித்த எண் மட்டுமே. பின்பக்கத் தகட்டில் டியூட்டி சைக்கிள் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம், நாலு நிமிடம் ஓய்வு தர வேண்டும். அதுவும் 40 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே அந்த 40 டிகிரி சாதாரணமாக வந்துவிடும், அதனால் தகட்டில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைத்தே நம்புங்கள். வீட்டு வேலைக்கு 60 முதல் 120 ஆம்ப் வரைதான் தேவைப்படும். அந்த எல்லைக்குள் நல்ல மெஷின் சூடே காட்டாது. சூடு அதிகமானதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தால் மெஷினை அணைக்காதீர்கள். ஃபேன் ஓடினால்தான் உள்ளே குளிரும். வேலை முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் ஃபேனை ஓடவிட்டு அணைப்பது நல்லது.

இனி கரண்ட். பலர் ஏமாறுவது இங்கேதான். 90 ஆம்பில், வெல்டிங் குச்சிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியான ஆர்க்கின் வோல்டேஜ் சுமார் 23.6. அப்படியானால் வெளியே போவது 2.1 கிலோவாட். மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலையாகிறது என்ற விகிதம்) சேர்த்தால் 230 வோல்ட் லைனிலிருந்து ஏறக்குறைய 15, 16 ஆம்ப் இழுக்கும். 2.5 மி.மீ. ராடுக்கு (வெல்டிங் குச்சி) 16 ஆம்ப் பவர் பிளக் மட்டுமட்டாகப் போதும். 3.15 மி.மீ. ராடைப் போட்டு 120 ஆம்புக்குத் திருப்பினால் 21, 22 ஆம்பைத் தொட்டுவிடும். அப்போது 16 ஆம்ப் பிளக்கின் பின் சூடாகி, சாக்கெட் பழுப்பேறி, கடைசியில் உருகும். ஏசிக்குப் போட்ட பாயிண்டைப் பகிர்ந்துகொள்ளவும் வேண்டாம். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. காப்பர் வயரைத் தனியாக இழுத்து, 25 ஆம்ப் சி-கர்வ் எம்சிபி (தொடக்க இழுப்பில் உடனே விழாத சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), நீல நிற 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டுவிட்டால் பிறகு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. வீட்டில் மூன்று பேஸ் இருந்தால் லோடு குறைவான பேஸில் கொடுக்கச் சொல்லுங்கள். எர்த் வயரை வெட்டிவிட்டு இரண்டு வயரில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

எக்ஸ்டென்ஷன் போர்டு இன்னொரு தொல்லை. 1.5 சதுர மி.மீ. வயரில் 20 மீட்டர் தள்ளி 20 ஆம்ப் இழுத்தால் போகவும் வரவும் சேர்த்து ஏறக்குறைய 10 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். மாலையில் லைனே 190க்கு இறங்கும் ஊரில் அந்தப் பத்து வோல்ட்தான் ஆர்க் பிடிக்குமா, ராடு ஒட்டிக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிக்கும். வயரைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் உள்சுற்றுகள் இளகி ஒட்டிக்கொள்ளும். மெஷினை சாக்கெட் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெல்டிங் கேபிளை நீட்டுவதே சரி. 25 சதுர மி.மீ. காப்பர் கேபிள் 15 மீட்டருக்கு, 90 ஆம்பில் ஒரு வோல்ட் அளவுக்குத்தான் இழக்கும்.

மெஷினோடு வரும் கேபிளைக் கட்டாயம் சோதியுங்கள். நுனியைச் சீவிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது, காப்பர் பூசிய அலுமினியம். முதல் சில மாதம் பிரச்சினை தராது. பிறகு லக் (கேபிள் நுனி இணைப்பி) நசுக்கிப் பொருத்திய இடத்தில் தளர்ந்து, சூடாகி, ரப்பர் இளகும். எர்த் கிளாம்ப் (வேலை செய்யும் இரும்பைக் கவ்வும் பிடி) அதைவிட மோசம். மெல்லிய தகடு, வலுவில்லாத ஸ்பிரிங், இரண்டு தாடைகளில் ஒன்றில் மட்டும் இணைப்பு. ஆர்க் விட்டுவிட்டு எரிந்தால் எல்லோரும் ராடையோ மெஷினையோ குறை சொல்கிறார்கள். பாதிக்கு மேல் குற்றவாளி இந்த கிளாம்ப்தான். 300 ஆம்ப் பித்தளை கிளாம்ப் வாங்கி மாட்டி, கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் கிரைண்டரால் எடுத்துவிட்டால் அதே மெஷின் வேறு மெஷின் போல நடக்கும். முன்பக்க கனெக்டரைச் செருகிய பிறகு வலதுபக்கம் இறுகத் திருப்புவதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். லூசாக இருந்தால் அந்த சாக்கெட்டே கருகும்.

மெஷின் சாவது பெரும்பாலும் தூசியால். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் கரண்ட் கடத்தும். ஃபேன் அதை உறிஞ்சி போர்டில் படியவிடும். மழைக்காலத்து ஈரம் சேர்ந்ததும் ஒருநாள் சுவிட்ச் போடும்போது ‘பட்’டென்று ஐஜிபிடி (உள்ளே கரண்டை மாற்றும் முக்கிய பாகம்) போய்விடும். அரைக்கும் இடமும் மெஷினும் குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளியிருக்கட்டும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின் பத்து நிமிடமாவது காத்திருந்துதான் திறக்க வேண்டும். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தேங்கியிருக்கும். இதில் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் ரிப்பேர் கடையில் கொடுத்து ஊதி வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு எதிரி பல்லி. கதகதப்புக்காக உள்ளே புகுந்து போர்டின் குறுக்கே படுத்து, தானும் செத்து மெஷினையும் சாகடிக்கும். வேலையில்லாத நாட்களில் பெட்டியிலோ இறுக்கமான துணி உறையிலோ வைத்துவிடுங்கள். ஓட்டும்போது மட்டும் உறையை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

ராடு விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். ஈ6013 என்ற ரகம் ஒன்றே வீட்டு வேலைக்குப் போதும். கடையில் 12 கேஜ் என்றால் 2.5 மி.மீ., 10 கேஜ் என்றால் 3.15 மி.மீ. கொடுப்பார்கள். ‘அதுதான் பலமானது’ என்று ஈ7018 வாங்கி வந்து, ஷெட்டில் திறந்து போட்டு, ஈரம் ஏறிய பிறகு பயன்படுத்துவது வீண். அதை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் காயவைத்து உடனே பயன்படுத்த முடிந்தால்தான் அதன் பலம் கிடைக்கும். 6013கூட மழைக்காலத்தில் ஈரம் பிடித்தால் சடசடவென்று தெறிக்கும், ஸ்லாக் (வெல்டிங்கின் மேல் படியும் ஓடு) உரிய மறுக்கும். காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். நனைந்ததை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்பில்தான் கை வைக்கிறார்கள். உண்மையில் கடினமான பொருள் அதுதான். 18 கேஜ் என்றால் சுவர் 1.2 மி.மீ. மட்டும். ராடு ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை. 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. வாங்குங்கள், பழகும்வரை 2 மி.மீ. இன்னும் நல்லது. 1.6 மி.மீ. சுவருக்கு 2.5 ராடில் 55 முதல் 65 ஆம்ப். ராடைப் பிடிக்கும் ஹோல்டரை மைனஸில் மாட்டுங்கள், ஊடுருவல் குறைந்து ஓட்டை விழுவது குறையும். ஆர்க்கை ராடின் கனத்துக்கு மேல் நீட்டாமல், 15, 20 மி.மீ. வைத்து நிறுத்தி, வேறு மூலைக்குப் போய், ஆறியதும் திரும்பி வாருங்கள். இரண்டு பைப்புக்கும் நடுவே சந்து இருக்கவே கூடாது. ஒரு மி.மீ. சந்தை ராடால் அடைக்கப் பார்ப்பதைவிட வெட்டியதை அரைத்துச் சரிசெய்வது பாதி நேரத்தில் முடியும். என்னைக் கேட்டால், முதல் மாதம் முழுக்க வெட்டுவதிலும் பொருத்துவதிலும் செலவிடச் சொல்வேன்.

பழகுவதற்கு ஏற்ற முதல் வேலை ஒரு வேலை மேஜை. அதற்குப் பிறகு செய்யும் எல்லாவற்றையும் அதன்மேல்தான் செய்யப் போகிறீர்கள். 1200 × 600 மி.மீ., உயரம் 850. 40 × 40 × 2 மி.மீ. ஸ்கொயர் பைப், ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டு போதும். முதல் பைப்பில் 1200 இரண்டு, 1120 இரண்டு, 804 ஒன்று. இரண்டாவதில் 804 மூன்று, 520 ஐந்து. 804 நான்கும் கால்கள். 1200 இரண்டும் 520 மூன்றும் மேல் பிரேம், மூன்றாவது 520 நடுக் குறுக்கு. மீதி 1120 இரண்டும் 520 இரண்டும் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் கால்களுக்கு நடுவே. மேலே 6 மி.மீ. பிளேட், அது மட்டும் 34 கிலோ வரும். மொத்தம் 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2.5 ராடு இருபது, இருபத்தைந்து செலவாகும். கரண்ட் செலவு பொருட்டே அல்ல, ஒரு ராடு எரிய ஒரு நிமிடம் என்றால் ஒரு யூனிட்டுக்கு இருபதுக்கு மேல் எரிக்கலாம்.

மேல் பிரேமைத் தட்டையான தரையில் வைத்து நாலு மூலையிலும் ஒவ்வொரு டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடியுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கு அளவு எடுங்கள். இரண்டு குறுக்கும் ஒன்றாக வராவிட்டால் நீளமாக உள்ள குறுக்கின் மூலையில் சுத்தியால் தட்டினால் வந்துவிடும். சரியானதும் எல்லா மூலையிலும் எதிர்ப்புறமாக இரண்டாவது டேக். அதன் பிறகே முழு வெல்டிங், அதுவும் எதிரெதிர் மூலையாக. ஒரு மூலையை ஒரே மூச்சில் முடித்தால் ஆறும்போது இரும்பு சுருங்கி வெல்டிங் வைத்த பக்கம் இழுக்கும், மேஜை நொண்டும். காந்த மூலைமட்டத்தைப் பிடிமானமாக வையுங்கள், அளவுக்கு நம்பாதீர்கள். டேக் அடித்ததும் எடுத்துவிடுங்கள். டிசி மெஷினில் பக்கத்தில் காந்தம் இருந்தால் ஆர்க் ஒருபக்கமாக ஓடும். பிளேட்டை அடிப்பக்கமாக 25 மி.மீ. துண்டுகளாக, 200 மி.மீ. இடைவெளியில் வைத்தால் போதும். சுற்றி முழுக்க வைத்தால் பிளேட் வளைந்துவிடும். காலின் அடியைத் தகடு வைத்து அடைக்க மறக்காதீர்கள், ஷெட்டைக் கழுவும் தண்ணீர் உள்ளே ஏறினால் துரு உள்ளிருந்தே தின்னும்.

கடையில் ஏஜி4 என்று கேட்டால் கிடைக்கும் நாலு இஞ்ச் கிரைண்டர்தான் இந்த வேலையில் அதிகம் காயப்படுத்தும் கருவி, வெல்டிங் மெஷின் அல்ல. 1.2 மி.மீ. கட்டிங் வீல் நேராக வெட்டுவதற்கு மட்டும். அதைச் சாய்த்து அரைத்தால் உடையும். 11,000 சுற்றில் உடைந்த துண்டு முகத்துக்கு வரும். கார்டை (வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடி) கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம், தயவுசெய்து செய்யாதீர்கள். வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

கண்ணுக்கு, ஆர்க் எரிந்ததும் தானே கறுக்கும் ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் நல்ல முதலீடு. 60 முதல் 120 ஆம்புக்கு ஷேட் (கண்ணாடியின் கருமை அளவு) 10 அல்லது 11. பேட்டரி தீர்ந்தாலோ சென்சாரின் முன் பைப் மறைத்தாலோ கறுக்காது என்பதால் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் வெயிலிலோ லைட்டரிலோ சோதியுங்கள். ஆர்க் வெளிச்சம் கண்ணில் அடித்தது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், மணல் கொட்டியது போல உறுத்தும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு எல்லாம் வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள். ஜிஐ, ஜிபி பைப்பைப் பற்றவைப்பதானால் இரண்டு இஞ்ச் தூரத்துக்கு துத்தநாகப் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில், முகத்தைப் புகைக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதில் உண்மையில்லை.

வேலை தொடங்கும் முன் பைக்கை ஷெட்டிலிருந்து வெளியே நிறுத்துங்கள், பெயிண்ட், தின்னர் டப்பாக்களையும் எடுத்துவிடுங்கள். தீப்பொறி பத்து மீட்டர்கூட உருண்டு போகும். பாலியஸ்டர் சட்டை, லுங்கி, ரப்பர் செருப்பு மூன்றும் கூடாது. முடித்த பின் அரை மணி நேரமாவது அந்த இடத்தைக் கவனியுங்கள்.

மெல்லிய பைப்பே அதிகம் செய்வதானால் கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் வயர் ஓட்டும் மிக் மெஷினும் பார்க்கலாம். ஓட்டை விழுவது குறையும். அந்த வயருக்கு டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். பிளஸில் விட்டுவிட்டு, தெறிக்கிறது என்று வயரைத் திட்டுவது சகஜமாக நடக்கிறது. கடலோர ஊர்களில் வயர் சுருளை மெஷினிலேயே விட்டால் துரு பிடித்து லைனரில் (வயர் போகும் குழாய்) சிக்கும், கழற்றிப் பையில் போட்டு வைக்க வேண்டும்.

பழைய இன்வெர்ட்டர் மெஷின் வாங்குகிறவர்கள் சுவிட்ச் போட்டு ஃபேன் ஓடுவதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். 3.15 ராடை 110 ஆம்பில் அடுத்தடுத்து மூன்று எரித்துப் பார்க்க வேண்டும். ஆம்ப் திருகைக் குறைத்தால் ஆர்க் நிஜமாகவே மெலிகிறதா, முன்பக்க கனெக்டரைச் சுற்றி பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறதா, மூடியின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஸ்க்ரூ தேய்ந்திருந்தால் போர்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அப்போது விலையைப் பாதியாகக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.