மாற்றாத மோட்டாருக்கு 3,850 ரூபாய்: வேலூர்க்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும்

நேற்று கீழ்வீட்டு அக்கா, வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று போனில் சர்வீஸ் நம்பர் தேடிக்கொண்டிருந்தார். முதலில் வந்த நம்பரை அவர் வாய்விட்டுப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வேக்குவம் கிளீனரைக் கெடுத்தவர்களின் அதே நம்பர். கம்பெனிப் பெயர் வேறு, மெஷின் வேறு, நம்பர் மட்டும் அதேதான். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் தான் ஏமாந்த கதையை யார் வெளியே சொல்லிக்கொள்வார்கள்?

என் வேக்குவம் கிளீனர் 2011-ல் வாங்கியது. 1200 வாட், உள்ளே துணிப்பை வைத்த பழைய மாடல். டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து, நம் மெத்தையிலிருந்தே தூசியை உறிஞ்சி வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டி, நம் வீடு இவ்வளவு அழுக்கா என்று கூச வைத்து விற்பார்களே, அப்படி விற்றது. சத்துவாச்சாரியில் பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. காலையில் துடைத்த டிவி மேல் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். அம்மாவுக்கு வீசிங் வேறு, துடைப்பத்தை எடுத்தாலே இருமல் ஆரம்பித்துவிடும். அதனால் இது எங்களுக்கு ஆடம்பரப் பொருள் இல்லை.

தை மாதம் மாடியில் டைல்ஸ் போட்டோம். வேலை முடிந்து கிடந்த சிமெண்ட் தூளை இந்த மெஷினை வைத்தே இழுத்தேன். இது என் தப்பு, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சிமெண்ட் தூள் மைதாவைவிட நைசு, துணிப்பையின் கண்ணையெல்லாம் அடைத்துவிடும். இந்த மாதிரி மெஷினில் உள்ளே இழுக்கிற காற்றுதான் மோட்டார் வழியாகப் போய் அதன் சூட்டைத் தணிக்கிறது. காற்று அடைபட்டால் மோட்டாருக்குப் பாரம் குறைந்து இன்னும் வேகமாகச் சுற்றும், சத்தம் ஓங்கும், தன் சூட்டில் தானே வேகும். இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்குச் சத்தம் கூடியதைக் கேட்டு, நன்றாக இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்!

மாசியில் இழுவை சுத்தமாகக் குறைந்தது. கருகல் வாசனை, பின்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தால் நீல நிறத்தில் பொறி. ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும், அரை மணி நேரம் கழித்துப் போட்டால் திரும்ப ஓடும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றாள் என் மனைவி. நன்றாக உழைத்த பொருளைக் காயலான் கடையில் போடுவதா என்றார் அம்மா. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது. சரி, வேலை தெரிந்தவன் ஒருவன் பார்த்துச் சொல்லட்டும் என்று போனில் தேடினேன். மெஷினோடு வந்த புத்தகத்திலேயே கம்பெனி நம்பர் அச்சடித்திருக்கிறது, அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

கம்பெனிப் பெயரைச் சொல்லி, கனிவாகப் பேசிய ஒரு பெண் புகாரைப் பதிந்தார். வந்து பார்க்க 350 ரூபாய். மறுநாள் வந்த பையன் கம்பெனிச் சின்னம் போட்ட டி-ஷர்ட், கழுத்தில் அட்டை எல்லாம் பக்காவாக இருந்தான். ஆனால் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. பத்து விநாடி ஓடவிட்டான், மூக்கைச் சுளித்தான், “மோட்டார் போயிடுச்சு சார்” என்றான். நின்று நின்று ஓடுகிறதே தம்பி, போன மோட்டார் எப்படி ஓடும் என்று கேட்டேன். “கடைசி மூச்சு சார்” என்றான். பதில் தயாராக இருந்தது.

புது மோட்டார் 4,500. இல்லையென்றால் பழையதை 1,500-க்கு எடுத்துக்கொண்டு 2200 வாட் புது மெஷினை 11,000-க்குத் தருகிறேன், வாட் அதிகம், இழுவை இரண்டு மடங்கு என்றான். இது எவ்வளவு பெரிய கதை என்று பிறகுதான் தெரிந்தது. ஐரோப்பிய யூனியனில் 2017 முதல் வீட்டு வேக்குவம் கிளீனர் 900 வாட்டுக்கு மேல் விற்கவே கூடாது, அவர்கள் வீடெல்லாம் குப்பையாகவா கிடக்கிறது? வாட் என்பது அது தின்னும் கரண்ட், இழுவை என்பது வேறு. நல்லவேளை, புது மெஷின் ஆசைக்கு நான் மயங்கவில்லை. மயங்கியது அவன் மோட்டார் விலையைக் குறைத்தபோதுதான். “உங்களுக்காக 3,850 சார், கம்பெனி ஒரிஜினல், ஆறு மாசம் வாரண்டி.” அந்த ‘உங்களுக்காக’வில் விழுந்தேன்.

ஒர்க்‌ஷாப் ராணிப்பேட்டையில் என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான். அட்வான்ஸ் 2,000, ஜிபேயில். யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. கேட்டதற்கு ஓனர் பெயர் என்றான். கொடுத்த சீட்டில் என் பெயர், என் போன் நம்பர், ‘மோட்டார்’ என்று ஒரு வார்த்தை. கடை விலாசம் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. என்னைப் பற்றிய விவரம் அத்தனையும் அதில் இருக்கிறது, அவனைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது. போட்டதும் திரைச்சீலையையே கவ்வி இழுத்தது, சந்தோஷமாக மீதி 1,850-ஐ அனுப்பினேன். பழைய மோட்டாரைக் கொடு என்று கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் பட்டென்று ஒரு சத்தம், பொறி, புகை, அவ்வளவுதான்.

போன் செய்தால் அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டானாம். வாரண்டி என்றால், புதுப் புகார் பதியுங்கள், 350 கட்டுங்கள் என்கிறார்கள். நான்காவது முறை என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். பிறகுதான் புத்தகத்தில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். என் பெயரில் எந்தப் புகாரும் பதிவாகவில்லை, அது எங்கள் நம்பரே இல்லை என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள், தமிழிலேயே பேசலாம். எதிர்த்தரப்பின் பெயரும் விலாசமும் கேட்டபோதுதான் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று புரிந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. எல்லாம் சரி, நோட்டீஸை எந்தத் தெருவுக்கு அனுப்புவது?

கடைசியில் லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில், மிக்ஸி, கிரைண்டர், போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே பிரித்தார்.

“இன்னா சார் இது, மோட்டார் மாத்துனாங்கன்னு யாரு சொன்னது உங்களுக்கு?”

மோட்டாரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 2011 என்று தெளிவாக இருந்தது. இடுக்கெல்லாம் அத்தனை வருஷத்துத் தூசி அப்பிக் கிடந்தது. கார்பன் பிரஷ் மட்டும் புதுசு. அதுவும் டிரில்லிங் மெஷினுக்கு உண்டானதை அரம் போட்டுத் தேய்த்துச் செருகியிருக்கிறார்கள். கார்பன் பிரஷ் என்பது சுற்றுகிற செம்பு வளையத்தில் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசி கரண்ட் கொடுக்கிற சின்னக் கரித்துண்டு. ஒரு மோட்டாருக்கு இரண்டு, பலப்பம் மாதிரி தேய்வதற்காகவே செய்தது. அளவு சரியில்லாததால் ஒன்று கூட்டுக்குள் சிக்கி நின்று, பொறி தட்டித் தட்டி அந்த வளையத்தையே தின்றுவிட்டது. “நகத்தால கீறிப் பாருங்க” என்றார். கொத்திய அம்மி மாதிரி இருந்தது.

முதலில் இருந்த கோளாறு, பழைய பிரஷ் தேய்ந்ததும் பை அடைத்ததும்தான் என்றார். நின்று நின்று ஓடியதற்குக் காரணம் மோட்டாரின் கடைசி மூச்சு இல்லை. சூடு ஏறினால் தானே நிறுத்தி, ஆறினால் திரும்ப ஓடவிடுகிற ஒரு சின்ன பாதுகாப்பு உள்ளே இருக்கிறது, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அப்போதே வந்திருந்தால் பிரஷும் கூலியும் சேர்த்து 300 ரூபாயில் முடிந்திருக்குமாம். அப்புறம் திரைச்சீலையைக் கவ்வி இழுத்ததே? அது பையைத் தட்டிச் சுத்தம் செய்ததால். நானே மொட்டை மாடியில் நின்று செய்திருக்கலாம்.

அதனால் இழுவை குறைந்தால் முதலில் பையைக் காலி செய்து உதறுங்கள். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், ஈரத்தோடு போடாதீர்கள். குழாயை நட்டு நிறுத்தி மேலே ஒரு கோலிக்குண்டைப் போட்டால் கீழே வர வேண்டும், வராவிட்டால் நடுவில் சாக்ஸோ பாலிதீன் கவரோ இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு பொறியும் கருகலும் இருந்தால் மட்டும் ஆளிடம் போங்கள். நம் முன்னால் பிரிக்க மாட்டேன் என்கிறவரிடம் வேண்டாம். முக்கியமாக, புது மெஷின் விற்கிறவரிடம் போய், பழையதை ரிப்பேர் செய்யலாமா என்று கேட்காதீர்கள். நான் கேட்டது அதைத்தான்.

வளையத்தை லேத்தில் கொடுத்து ஒரு சுற்றுத் தேய்த்து, சரியான பிரஷ் போட்டால் ஓட வாய்ப்பிருக்கிறது, ஆனால் கேரண்டி தர மாட்டேன், 700 ஆகும், யோசித்துச் சொல்லுங்க என்றார் பெரியவர். மனைவி முறைத்தாள். நான் சரி என்றேன். இப்போது ஓடுகிறது, சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல், அம்மாவின் அறைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை நாளோ தெரியாது.

கீழ்வீட்டு அக்காவின் வாஷிங் மெஷினில் வடிகுழாய்க்குள் ஒரு ஹேர்பின் இருந்தது. பெரியவர் கடை எங்கே என்று கேட்பவர்களுக்கு வழி சொல்கிறேன், என்னை ஏமாற்றியவர்களின் அந்த நம்பரையும் தருகிறேன், உங்கள் போனில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.