லேபிள் இல்லாத அந்த டப்பாவை வாங்காதீர்கள்

யூரிக் ஆசிட் வலி ஒரே மண்டலத்தில் வேரோடு போய்விடும் என்று யாராவது உங்களுக்கு ஒரு நம்பர் அனுப்பினால், கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கூப்பிட்டேன். இரண்டு மண்டலம் சாப்பிட்டேன். 7,600 ரூபாய் போனதைக்கூட விட்டுவிடலாம், அதற்கப்புறம் பட்டதைத்தான் மறக்க முடியவில்லை.

எனக்கு 47 வயது. தாராபுரம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் திடுக்கென்று விழிப்பு வந்தது. இடது கால் பெருவிரலின் அடி மூட்டு செக்கச்செவேலென்று வீங்கிப் பளபளத்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போனது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை, விழவுமில்லை. காலையில் பக்கத்துக் கிளினிக்குக்கு நொண்டிக்கொண்டே போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யூரிக் ஆசிட் 6.4. “நார்மல்தான், சுளுக்கு” என்று அந்த வீங்கிய விரலைச் சேர்த்து இறுக்கிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கவுட், அதாவது இந்த யூரிக் ஆசிட் வலி, வந்த விரலில் கட்டுப் போட்டால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கிக் காட்டலாம், அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்தபோது 9.1. இன்னொரு டாக்டர் கவுட் என்று சொல்லி ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். வலி போனது. நானும் மாத்திரைச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மறுபடி வந்து பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை மாதம் மறுபடி வந்தது, இந்தத் தடவை கணுக்காலில். அப்போதுதான் என் மனைவியின் தம்பி, “மாமா, எனக்கு முட்டி வலி ரெண்டே நாள்ல போச்சு, போய்ப் பாருங்க” என்று நம்பர் கொடுத்தான்.

அந்த வைத்தியரின் ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள், ஒன்றிலும் பதிவு எண் இல்லை. இதுவும் அன்றைக்குக் கண்ணில் படவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் பத்து விநாடி நாடி பிடித்தார். “ஏனுங்க, இங்கிலீஷ் மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா? எல்லாத்தையும் நிறுத்திப்போடுங்க. அத்தனையும் கெமிக்கலுங்க” என்றார். ஒரு பழுப்புப் பொடி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கறுப்பு மாத்திரைகள். டப்பாவின் மேல் ஒரு எழுத்துகூட இல்லை. 3,800 ரூபாய்க்கு ரசீதும் இல்லை. கூடவே பருப்பு, தக்காளி, கத்தரிக்காய் எதுவும் தொடக்கூடாது என்று நீளமான பத்தியம். பி.பி. மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அதற்கு மட்டும் வீட்டில் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை, அவளால் பிழைத்தேன்.

இரண்டே நாளில் வலி மாயமாகிவிட்டது. பட்டறையில் குந்தி உட்கார்ந்து வேலை செய்தேன். தெரிந்தவர் நாலு பேருக்கு நானே நம்பர் கொடுத்தேன். அந்த நாலு பேரையும் இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது மண்டலம் பாதியில் முகம் உருண்டையாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் “நல்லா சதை போட்டுட்டீங்களே” என்றார்கள். சுண்டினால் தோல் கன்றிப்போகும். ராத்திரியில் தூக்கமில்லை, அகோரப் பசி. வெறும் வயிற்றில் 104 இருந்த சர்க்கரை 190க்குப் போய்விட்டது. போன் செய்தால், “கெட்ட நீர் வெளியேறுதுங்க, அப்படித்தான் உப்பும்” என்று பதில்.

டப்பா தீர்ந்ததும் மூன்றாவது வாங்கவில்லை. நாலாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. தலைசுற்றல், வாந்தி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி அசதி. கூடவே இரண்டு காலிலும் கவுட் வலி. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்ததுமே, “நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா? டப்பா இருக்கா?” என்று கேட்டார். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் காலை நேரத்து அளவு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. யூரிக் ஆசிட் 9.4.

மாத்திரையை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. அதனால் உள்ளே ஸ்டீராய்டு இருந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உப்பிய முகம், ஏறிய சர்க்கரை, நிறுத்தியதும் விழுந்தது, கார்ட்டிசால் எல்லாம் சேர்ந்தால் வேறு எதுவும் பொருந்தவில்லை என்றார் டாக்டர். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாதக்கணக்கில் உள்ளே போனால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் ஆளே சாயலாம். எனக்கு ஸ்டீராய்டு மாத்திரையையே அளந்து கொடுத்து, வாரா வாரம் குறைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. கடும் வலிக்குச் சில நாளைக்கு டாக்டர்களும் கொடுப்பதுதான். சொல்லாமல் கலந்து கொடுப்பதுதான் அயோக்கியத்தனம்.

அந்த 9.4 தான் எனக்கு உறைத்தது. மூன்று மாதம் வலியே இல்லாமல் நடந்திருக்கிறேன், மூட்டுக்குள் உப்புப் படிகம் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. 6.8க்கு மேல் போனால் யூரிக் ஆசிட் ரத்தத்தில் கரைந்து நிற்காது, ஊசி ஊசியாகப் படியும் என்று டாக்டர் விளக்கினார். ஆறுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தால்தான் படிந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது மாதக்கணக்கான வேலை. இரண்டு நாளில் எப்படி நடக்கும்?

“கறி தின்னே வந்த நோய்” என்று சொந்தக்காரர்கள் பேசிய பேச்சுக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. பெரும்பாலானவர்களுக்கு சிறுநீரகம் சரியாக வெளியேற்றாததுதான் காரணமாம், வம்சமாகவும் வரும். குடல், ஈரல், மத்தி, நெத்திலி, பீர், கலர் பாட்டில் இவற்றைக் குறைக்கச் சொன்னார். பருப்பும் தக்காளியும் தாராளமாகச் சாப்பிடு என்றார். என் பி.பி. மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து ஒன்று சேர்ந்திருந்தது. அதுவும் யூரிக் ஆசிட்டை ஏற்றுமாம். மாற்றிக் கொடுத்தார். இத்தனை வருஷம் அதை எழுதியவர் ஒருத்தர்கூட இதைச் சொன்னதில்லை.

இப்போது யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால், 100 மில்லிகிராமில் ஆரம்பித்து 300க்கு வந்திருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்துத்தான் ஏற்றினார்கள். உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஓடி வா என்று இரண்டு தடவை சொன்னார். முதல் சில மாதம் வலி மறுபடி வரலாம், பழைய படிகம் அசைவதால் அப்படி, பயந்து நிறுத்திவிடாதே என்றும் சொல்லியிருந்தார். ஆடியில் அப்படியே வந்தது. சொல்லியிராவிட்டால் அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பேன்.

அந்த வலியைத் தடுக்கத் துணையாகக் கொடுத்தது கால்சிசின், தினம் அரை மில்லிகிராம். இங்கேதான் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கால்சிசின் எடுப்பது கண்வலிக்கிழங்கு விதையிலிருந்து, அதாவது நம் செங்காந்தள். மூலனூர் பக்கம் பந்தல் போட்டு, விடிகாலையில் பெண்கள் ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். என் பெரியப்பா தோட்டத்திலேயே உண்டு. அவர் தோட்டத்து விதையில் வந்த மருந்தைக் கெமிக்கல் என்று விட்டுவிட்டு, பெயரில்லாத கறுப்பு மாத்திரையை மூலிகை என்று விழுங்கியிருக்கிறேன். அதற்காக யாரும் தோட்டத்துக் கிழங்கைத் தோண்டிவிடாதீர்கள், பச்சையாகத் தின்றால் சாவுதான். அளவுக்கும் ஆபத்துக்கும் இடையே மயிரிழைதான் இருக்கிறது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அதே மருத்துவமனையின் சித்தா பிரிவில் டப்பாவைக் காட்டினேன். என்னைவிட அந்த டாக்டருக்குத்தான் அதிகக் கோபம். முறையான சித்த மருந்தில் தயாரித்தவர் பெயர், உரிமம் எண், பேட்ச் எண், தேதி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும், இது சித்தாவே கிடையாது என்றார். மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரசீது இல்லாததால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். காசு திருப்பிக் கேட்டதற்கு, “நீங்க பத்தியம் காக்கலீங்க” என்று போனை வைத்துவிட்டார்கள்.

மச்சான் இன்னும் அந்த மாத்திரையைத்தான் சாப்பிடுகிறான். அவன் கன்னமும் உப்ப ஆரம்பித்திருக்கிறது. “நீயாக நிறுத்தாதே, டப்பாவோடு வா” என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை ஓ.பி.க்கு இரண்டு பேரும் போகிறோம்.